இருபத்திரண்டு கையெழுத்தும் ஒரு வேலியும்

"கீ…ஈ…ஈ…ஈ!"

மடிக்கணினி இப்படியொரு அலறல் அலறும் என்று தலைமை எழுத்தர் எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த டீயில் பாதி சட்டைப்பைக்குள் போய்விட்டது. மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த தபால்காரர் அப்படியே திரும்பி இறங்கி, வாசலில் நின்றுகொண்டு, "யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்று குரல் கொடுத்தார்.

அலறல் நின்றது. திரை கறுத்தது. மேல் மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும், இருக்கிறேன் இல்லை, இருக்கிறேன் இல்லை என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"செத்துடுச்சு!" என்றார் தலைமை எழுத்தர். "வருஷம் பூரா விட்டுட்டு இன்னிக்குன்னு பார்த்துச் செத்துடுச்சு!"

அந்தக் குடிநீர்க் குழாய் அலுவலகத்தில் மொத்தம் இருபத்து மூன்று பேர், இருபத்து மூன்று மடிக்கணினிகள். திருட்டு, வைரஸ், வெளியாள் தொல்லை எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்ற 'வேலி' என்று ஒரு மென்பொருளை எல்லா மெஷினிலும் ஏற்ற வேண்டும் என்று போன மாதம் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் போடவைக்கும் பொறுப்பு தலைமை எழுத்தருடையது.

அவர் பொறுப்பை விளையாட்டாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. புதிதாக ஒரு நோட்டு வாங்கி, கோடு போட்டு, பெயர் எழுதி, மேஜை மேஜையாகப் போனார்.

"வேலி போட்டாச்சா?"

"போட்டாச்சு சார்."

"இங்க ஒரு கையெழுத்து."

இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டு கையெழுத்து. கையெழுத்து விழுந்துவிட்டால் காரியம் முடிந்தது என்பது இருபத்தாறு வருட உத்தியோகத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரே வேதம். தன் மெஷினை மட்டும் கடைசிக்கு விட்டிருந்தார். பரிமாறுகிறவன் முதலில் உட்கார்ந்து சாப்பிடலாமா?

ஆனால் இன்று போட்டே ஆக வேண்டும். காரணம், அவருடைய மனைவி.

மனைவி ஆறு மணி நேரப் பஸ் தூரத்திலிருந்த ஊரில், பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஏழு வயது மகளும் அங்கேதான். மூன்று வருடமாகத் தலைமை எழுத்தர் சனிக்கிழமை பஸ் ஏறுவதும் ஞாயிற்றுக்கிழமை திரும்புவதுமாக இருந்தார். பள்ளியில் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது அந்தக் குழந்தை, 'எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை ஒரு அப்பா வருவார்' என்று எழுதிவைத்திருந்தது. அதைப் படித்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது அந்த ஊர் அலுவலகத்தில் ஒரு தலைமை எழுத்தர் இடம் காலி. ஒரே ஒரு இடம். விண்ணப்பம் இன்று மாலை நான்கு மணி வரைக்கும்தான். அந்த விண்ணப்பப் பக்கமோ, வேலி போட்ட மெஷினில்தான் திறக்கும்.

மணி பத்தரை.

பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் அம்மாள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"அடடே, கறுத்துப் போச்சா? எனக்கும் இதேதான் சார் ஆச்சு. பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருபது எண்ணுங்க. உடனே சரியாயிடும்."

"நிச்சயமாவா?"

"நான் அப்படித்தானே சரி பண்ணேன்? பச்சையா ஒரு வேலி வரும் பாருங்க. கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்."

தலைமை எழுத்தர் அமுக்கிப் பிடித்தார். சத்தமாக எண்ணினார். பதினேழில் வெள்ளைக் கோடு அணைந்தது. இருபது வரை எண்ணிவிட்டு மறுபடி ஆன் செய்தார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அணைந்தது. தானாகவே மறுபடி வந்தது. சுற்றியது. அணைந்தது. செக்குமாடு தோற்றது.

"இது நிக்கவே மாட்டேங்குதேம்மா!"

"நீங்க வேகமா எண்ணிட்டீங்க சார்," என்று சொல்லிவிட்டு டைப்பிஸ்ட் அம்மாள் தன் மேஜைக்கு நழுவினார்.

கைபேசி அடித்தது. மனைவி.

"அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பப்போறேன். வேலியைப் போட்டேன், மெஷின் படுத்துடுச்சு."

"என்னது? இன்னிக்கா போட்டீங்க? ஒரு மாசமா ஊரைக் கூட்டிக் கையெழுத்து வாங்கிட்டு இருந்தீங்களே, அப்ப உங்க மெஷின் என்ன செஞ்சுட்டு இருந்துச்சு?"

"மத்தவங்க முடிக்கட்டும்னு…"

"மத்தவங்க யாரும் ஆறு மணி நேரம் பஸ்ல உக்காந்து வரலைங்க. நீங்கதான் வர்றீங்க. வேலில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையா இருக்கு."

"மடிக்கணினியிலதான் விட்டேன்."

"இந்தப் பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. நாலு மணிக்குள்ள அனுப்புங்க. இல்லைன்னா இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே உங்க பொண்ணுக்குச் சொல்லிக்கங்க."

வைத்துவிட்டார்.

தலைமை எழுத்தருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மனைவி மேல் இல்லை. வேலி மேல். வேலியே பயிரை மேய்ந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறார். இது பயிரை வேரோடு பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டு வட்டம் சுற்றிக் காட்டுகிறதே!

"என்னண்ணே, மெஷின் முரண்டு பிடிக்குதா?"

ஸ்டோர் கீப்பர் வந்து நின்றார். அவர் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. அவர் கையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும்.

"உங்களுக்கு இப்படி ஆச்சாப்பா?"

"ஆகாம? அச்சு அசலா இதே மாதிரி. பேட்டரிதான் காரணம். கழட்டித் துடைச்சு மாட்டினேன், அடுத்த நிமிஷம் ஜம்முனு நீல வேலி வந்துச்சு."

"நீலமா? டைப்பிஸ்ட் அம்மா பச்சைன்னாங்களே?"

ஸ்டோர் கீப்பர் ஒரு நொடி யோசித்தார். "அது பெண்களுக்குப் பச்சையா இருக்கும்ணே," என்றவர், அதற்கு மேல் பேச்சை வளர்க்காமல் மடிக்கணினியைக் குப்புறக் கவிழ்த்தார்.

பதினோரு திருகாணி. ஒவ்வொன்றாகக் கழற்றித் தலைமை எழுத்தரின் டீத் தட்டில் போட்டார். பேட்டரியை வெளியே எடுத்து, ஊதி, தன் கைக்குட்டையால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "தூசு," என்று தீர்ப்புச் சொல்லி, மறுபடி மாட்டினார். மூடினார். திருகினார். தட்டில் இரண்டு திருகாணிகள் மிச்சம்.

"இது எங்கப்பா போகணும்?"

"கம்பெனிக்காரன் எப்பவும் ரெண்டு அதிகமாத்தான் போடுவான். பத்திரமா வச்சுக்கங்க."

ஆன் செய்தார்கள். வட்டம் வரவில்லை. அதற்குப் பதிலாக நீலத் திரை ஒன்று வந்து, இந்தக் கணினியின் உடலில் மாற்றம் செய்யப்பட்டிருக்கிறது, நீங்கள்தான் உரிமையாளர் என்று நிரூபிக்க நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண்ணைக் கொடுங்கள் என்று கேட்டது.

"பார்த்தீங்களா, நீலம் வந்துடுச்சு!" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"யோவ், இதுவா வேலி? இது என்னைத் திருடன்னு சொல்லுதுய்யா! என் மெஷின்! என் மேஜை! என்னையே நீ யாருன்னு கேக்குது!"

இந்தக் கூச்சலுக்கு எழுந்து வந்தவர் படம் வரைபவர். எங்கே போனாலும் மர ஸ்கேல் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவதால் அவருக்கு ஸ்கேல் என்றே பெயர். திரையை ஸ்கேலால் தொட்டுக் காட்டினார்.

"ஓ, இதா? எனக்கும் கேட்டுச்சு. பொறந்த தேதியைப் போட்டேன், கதவு மாதிரித் திறந்துச்சு."

"நாப்பத்தெட்டு இலக்கம் கேக்குதே. பொறந்த தேதி எட்டுதானே வரும்?"

"ஆறு தடவை போடுங்க. எட்டாறு நாப்பத்தெட்டு."

கணக்கு சரியாக இருந்ததால் தலைமை எழுத்தர் நம்பினார். தன் பிறந்த தேதியை ஆறு முறை போட்டார். தவறு என்றது. மனைவியுடையதைப் போட்டார். தவறு. மகளுடையதைப் போட்டார். திரை ஒரு கணம் யோசிப்பதுபோலத் தோன்றியது. பிறகு, தவறான முயற்சிகள் அளவுக்கு மீறிவிட்டன, கணினி பூட்டப்பட்டது, அதிகாரியைத் தொடர்புகொள்ளவும் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

"உங்களுக்கு என்ன நிறத்துல வேலி வந்துச்சு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"மஞ்சள்," என்றார் ஸ்கேல் தயங்காமல்.

"டைப்பிஸ்டுக்குப் பச்சை, ஸ்டோருக்கு நீலம், உங்களுக்கு மஞ்சள். எனக்கு மட்டும் பூட்டா? ஆள் பார்த்தா வேலி போடுறான்? இருபத்தாறு வருஷ சர்வீஸுக்கு இதுதான் மரியாதையா?"

மணி ஒன்றே முக்கால்.

சுற்றறிக்கையை எடுத்துப் படித்தார். வேலி தொடர்பான புகார்களை வேலிக்குள்ளேயே இருக்கும் 'உதவி' என்ற பொத்தானை அழுத்தித் தெரிவிக்கவும் என்றிருந்தது. கிணற்றில் விழுந்தவன் மேலே ஏறிவந்து மனுக் கொடுத்தால் கயிறு தருவார்களாம்! சுற்றறிக்கையைக் கசக்கப் போனவர், நாளைக்கு யாராவது கேட்பார்களே என்று மறுபடி நீவி வைத்தார்.

அப்போதுதான் அவருக்கு மூளையில் ஒரு வெளிச்சம். தன் மெஷின் எதற்கு? வேலி போட்ட எந்த மெஷினாக இருந்தாலும் தன் பெயரில் உள்ளே நுழைந்து விண்ணப்பிக்கலாமே. சுற்றிலும் இருபத்திரண்டு இருக்கிறதே!

"அம்மா, உங்க லேப்டாப்பை ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க," என்று டைப்பிஸ்ட் அம்மாளிடம் போனார்.

டைப்பிஸ்ட் அம்மாள் கோழி குஞ்சை அணைப்பதுபோல மெஷினை அணைத்துக்கொண்டார். "ஐயோ சார், அவசரக் கடுதாசி. விரலை எடுத்தா ஓட்டம் போயிடும்."

"திரையில ஒண்ணுமே இல்லையேம்மா?"

"மனசுக்குள்ள ஓடிட்டு இருக்கு சார்."

ஸ்டோர் கீப்பரின் மெஷின் ஸ்டோர் அறைக்குள் இருந்தது. ஸ்டோர் அறை பூட்டியிருந்தது. சாவி அவர் இடுப்பிலேயே தொங்கியது.

"இது அந்தச் சாவி இல்லைண்ணே. இது இடுப்புச் சாவி."

ஸ்கேலின் மெஷினில் ஒரு வரைபடம் காய்ந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்.

"கம்ப்யூட்டர்ல எங்கய்யா காயுது?"

"நீங்க படம் வரையறவர் இல்லை சார். உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

தலைமை எழுத்தர் நேராக என்ஜினியர் அறைக்கே போய்விட்டார். என்ஜினியர்தான் அந்த அலுவலகத்துக்குப் பெரியவர். கையெழுத்து நோட்டில் முதல் கையெழுத்தும் அவருடையதுதான். கீழே தேதியும் போட்டு, அதற்குக் கீழே ஒரு கோடும் இழுத்திருந்தார்.

"காலையிலேருந்து என்னய்யா கூச்சல்?"

"வேலியைப் போட்டேன் சார், மெஷின் போயிடுச்சு."

"எனக்கெல்லாம் வெண்ணெய்ல கத்தி இறங்குற மாதிரி இறங்கிச்சே! நீ என்னமோ தப்பா அமுக்கியிருப்பே."

"இருக்கலாம் சார். உங்க மெஷினை அஞ்சு நிமிஷம் குடுத்தீங்கன்னா என் மாற்றல் விண்ணப்பத்தை…"

என்ஜினியர் தன் மடிக்கணினியைப் பட்டென்று மூடினார். "என் மெஷின்லேருந்து மாற்றல் கேட்டா என்னைத் தூக்கி அங்க போட்டுடுவான்யா! எனக்கு இங்கதான் வீடு, வாசல், மாமியார் எல்லாம். போ போ."

தலைமை எழுத்தர் தன் நாற்காலிக்கு வந்து விழுந்தார். இத்தனை வருடத்தில் இவர்களுக்கு எத்தனை செய்திருப்பார்! டைப்பிஸ்ட் அம்மாளின் மகன் கல்லூரி விண்ணப்பத்தை வரிசையில் நின்று கொடுத்தது யார்? ஸ்கேலுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது கையைப் பிடித்து வீட்டில் விட்டது யார்? ஐந்து நிமிடம், வெறும் ஐந்து நிமிடம் ஒரு மெஷினைக் கொடுக்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. எல்லாருக்கும் வண்ண வண்ணமாக வேலி. எல்லாரும் அதற்குள்ளே பத்திரமாக உட்கார்ந்துகொண்டு, வெளியே நிற்கிறவனை வேடிக்கை பார்க்கிறார்கள்.

"மனுஷங்களாய்யா நீங்கள்ளாம்?" என்று வாய்விட்டே கேட்டார்.

ஹாலில் இருந்த தலைகளெல்லாம் திரைகளுக்குப் பின்னால் தாழ்ந்தன.

மணி மூன்று. நீவி வைத்த சுற்றறிக்கையின் பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு தொலைபேசி எண் இருப்பதை அப்போதுதான் பார்த்தார். வேலி உதவி மையம்! எப்படியும் முக்கால் மணி நேரம் சங்கீதம் கேட்க வைப்பார்கள் என்று கோபத்தை ஒழுங்காக அடுக்கி வைத்துக்கொண்டு எண்களை அழுத்தினார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் ஒரு பெண்.

"வணக்கம் சார், வேலி உதவி மையம்."

அடுக்கிய கோபம் சரிந்துவிட்டது. "அம்மா… வந்து… என் மெஷின் செத்துடுச்சும்மா."

"எந்த ஆபீஸ் சார்?"

சொன்னார்.

மறுமுனையில் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவள் யாரிடமோ ஏதோ சொல்வது கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன.

"அந்த ஆபீஸா சார்? நிஜமாவா?"

"ஏம்மா, எங்க ஆபீஸுக்கு என்ன கேடு?" கோபம் மறுபடி எழுந்து நின்றது. "காலையில உங்க வேலியைப் போட்டேன். கழுத்தை அறுத்த மாதிரி ஒரு அலறல். அதோட சரி."

"அது அலறல் இல்லை சார். வெற்றி ஒலி."

"என்ன ஒலி?"

"வேலி நல்லபடியா ஏறி முடிஞ்சுதுன்னு அர்த்தம் சார். அப்ப ஒரு கோடு மட்டும் வந்து நிக்கும். ஒரே ஒரு தடவை என்டர் தட்டியிருந்தீங்கன்னா மெஷின் திறந்திருக்கும்."

தலைமை எழுத்தர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வெற்றிக்கு யாராவது இப்படிக் கத்துவாங்களாம்மா? வெற்றின்னா ஒரு மணி அடிக்கலாம், ஒரு பூப்படம் போடலாம். பிரசவ வலியில கத்துற மாதிரி… எந்தப் புண்ணியவான்மா அந்தச் சத்தத்தை வச்சது?"

"மேலிடத்துல சொல்றேன் சார், குறிச்சுக்கறேன். அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க?"

சொன்னார். இருபது எண்ணியது, பதினோரு திருகாணி, எட்டாறு நாற்பத்தெட்டு. அவள் குறுக்கிடவே இல்லை. நடுவில் ஒருமுறை மட்டும், "பேட்டரியைத் துடைச்சீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நானே துடைக்கலை. துடைச்சாங்க."

"பரவாயில்லை சார். உங்க பணியாளர் எண்ணைச் சொல்லுங்க. பூட்டை நான் எடுத்துவிடறேன், மீட்பு எண்ணும் எங்ககிட்ட இருக்கும். நான் சொல்லச் சொல்லப் போடுங்க."

நாற்பத்தெட்டு இலக்கம். அவள் சொல்ல, இவர் உரக்கத் திருப்பிச் சொல்லிச் சொல்லி, ஒரு விரலால் போட்டார். முப்பத்தொன்றில் ஒன்பதா ஆறா என்று சந்தேகம் வந்து மறுபடி முதலிலிருந்து. இந்தச் சத்தத்துக்கு மேஜைகளிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்து அவருடைய முதுகுக்குப் பின்னால் வளைத்து நின்றார்கள். என்ஜினியர்கூட அறைக் கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்தார்.

நாற்பத்தெட்டாவது இலக்கம். என்டர்.

திரை வெளுத்தது. ஓரங்களில் சின்னச் சின்னக் குச்சிகள் முளைத்தன. ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு, நல்ல செம்மண் நிறத்தில் ஒரு மரவேலி திரையைச் சுற்றி எழுந்து நின்றது. நடுவில் ஒரு சின்ன வாசல். அது தானாகத் திறந்தது.

"அடேயப்பா!" என்றார் டைப்பிஸ்ட் அம்மாள். "இப்படித்தான் இருக்குமா?"

ஸ்டோர் கீப்பர் அவரை முழங்கையால் இடித்தார்.

தலைமை எழுத்தர் அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. மணி மூன்று நாற்பத்திரண்டு. மாற்றல் பக்கத்தைத் திறந்தார். பெயர், எண், சர்வீஸ், கேட்கும் ஊர். காரணம் என்ற கட்டத்தில் நான்கு வரி எழுதி அழித்தார். பிறகு, 'என் மகளுக்கு நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவாக இருக்கிறேன்' என்று ஒரே வரி எழுதினார். அனுப்பு என்பதை அழுத்தினார்.

உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது. மூன்று ஐம்பத்து மூன்று.

இருபத்திரண்டு பேரும் பெருமூச்சு விட்டார்கள். ஸ்கேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைமை எழுத்தருக்கும் கண் கலங்கியது. ஆனால் கலங்கிய கையோடு, காலையிலிருந்து வாங்கிய அடியெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தொண்டைக்கு வந்தது. தொலைபேசி இன்னும் காதில்தான் இருந்தது.

"ரொம்ப நன்றிம்மா. நீ நல்லா இருக்கணும். ஆனா ஒண்ணு கேக்கறேன், ஒளிக்காமச் சொல்லு. எங்க ஆபீஸ்ல எனக்கு முன்னாடி இருபத்திரண்டு பேர் வேலி போட்டிருக்காங்க. எல்லாத்துக்கும் கையெழுத்து இருக்கு. இந்த ஹால்லதான் நான் நாள் பூரா உக்காந்திருக்கேன், ஒரு மெஷின்கூட இந்த மாதிரிக் கத்தி நான் கேட்டதில்லை. என் மெஷின் மட்டும் ஏம்மா ஊரைக் கூட்டணும்? நான் மட்டும் என்ன பாவம் செஞ்சேன்?"

அவருடைய முதுகுக்குப் பின்னால் செருப்புகள் மெல்ல நகரும் சத்தம் கேட்டது.

மறுமுனையில் அந்தப் பெண் கேட்டாள்:

"சார்… ஒரு மாசம் கழிச்சு உங்க ஆபீஸ்லேருந்து ஒருவழியா ஒருத்தர் வேலி போட்டுட்டார்னு காலையில நாங்க எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினோம்… அது நீங்கதானா?"